வெள்ளை ஈயை விரட்ட மூன்று வாரம்: இலையின் அடியிலிருந்து தொடங்குங்கள்

தண்ணீர் ஊற்றப் போனபோது கத்தரிச் செடியிலோ வெண்டையிலோ லேசாகக் கை பட்டதும், வெள்ளையாக ஒரு கூட்டம் மாவு பறப்பதுபோல் கிளம்பி, பத்து நொடிக்குள் திரும்ப அதே செடியில் போய் உட்கார்ந்துகொள்கிறதா? அது வெள்ளை ஈ. முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பறக்கிற கூட்டத்தின் மேல்தான் எதையாவது அடிப்பார்கள். தயவுசெய்து பறப்பதை விட்டுவிடுங்கள். ஒரு இலையைப் பிடித்து மெல்லத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், உங்கள் வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

புதிதாகச் செடி வளர்க்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: ஒருநாள் வேப்பெண்ணெயோ சோப்புத் தண்ணீரோ தெளிக்கிறார்கள், இரண்டு நாள் செடி சுத்தமாக இருக்கிறது, நான்காம் நாள் பழையபடி கூட்டம் வந்து நிற்கிறது, உடனே "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று முடிவுகட்டி விஷ மருந்தைத் தேடிப் போகிறார்கள். தெளித்தது வேலை செய்யாமல் இல்லை. அது அன்றைக்கு மேலே பட்டவற்றைக் கொன்றது, முட்டையையும் இறக்கை முளைத்து வெளிவரத் தயாராக இருந்தவற்றையும் விட்டுவிட்டது, அவற்றிலிருந்து புதியவை வந்தன. வெள்ளை ஈயை மென்மையான முறையில் அடக்க முடியுமா என்று கேட்டால் கட்டாயம் முடியும், ஆனால் ஒரே அடியில் முடியாது, மூன்று வாரம் விடாமல் செய்தால் முடியும். ஏன் மூன்று வாரம் என்பது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

இலையின் அடியில் என்ன நடக்கிறது

பெயரில்தான் ஈ, உண்மையில் இது ஈயே இல்லை. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவற்றின் சொந்தக்காரன். அவற்றைப் போலவே ஊசிமாதிரி வாயை இலைக்குள் குத்திச் சாறு உறிஞ்சும். ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான் நீளம். இறக்கை மேல் படிந்திருக்கும் வெள்ளை, மெழுகுத் தூள்.

பெண் ஈ இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடும்போது ஒவ்வொரு முட்டையையும் ஒரு சின்னக் காம்பால் இலைக்குள் ஊன்றி நிறுத்திவிடும், அந்தக் காம்பு வழியாக முட்டை இலையிலிருந்தே ஈரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீரைப் பீய்ச்சினாலும் முட்டை அவ்வளவு சுலபமாக உதிராது. பொரித்து வரும் குஞ்சுக்கு முதல் சில மணி நேரம் மட்டும் நடக்க வேண்டிய வேலை. பிடித்த இடம் கிடைத்ததும் வாயைக் குத்தி உட்கார்ந்துவிடும், அதன் பிறகு இறக்கை முளைத்து வெளியே வரும் வரை அந்த இடத்தை விட்டு நகராது. தட்டையாக, வெளிர் பச்சையாக, கிட்டத்தட்ட கண்ணாடிபோல இருப்பதால் கண்ணுக்கும் சட்டென்று படாது. கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் உப்பி, இரண்டு சிவப்புப் புள்ளியாகக் கண் தெரியும். அது தெரிந்தால் இன்னும் ஓரிரு நாளில் புது ஈ வெளியே வரப்போகிறது என்று அர்த்தம்.

முட்டையிலிருந்து ஈ ஆக, வெதுவெதுப்பான காலத்தில் சுமார் மூன்று வாரம். குளிரில் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். ஒரு பெண் நூறு, இருநூறு முட்டை வரை இடும், அதற்கு ஆண் ஈகூடத் தேவையில்லை. சேராமல் இட்ட முட்டைகளும் பொரியும், அவை எல்லாம் ஆணாகப் பிறக்கும். இப்படிப் பெருகுவதை யோசித்தால் சில ஈக்கள் தப்பித்தால் என்ன என்று அலட்சியமாக இருக்க முடியாது, அதே சமயம் பயப்படவும் வேண்டாம், ஏனென்றால் இதன் பெரும்பாலான வாழ்க்கை நகர முடியாத நிலையில், நமக்கு எட்டுகிற இடத்தில்தான் கழிகிறது.

இன்னொரு விஷயம் ரொம்ப உதவும். ஈக்கள் முட்டையிட இளம் இலையைத்தான் தேடும். செடி வளர வளர அந்த இலை கீழே போய்விடும், குஞ்சுகளும் அதோடு சேர்ந்து கீழே போகும். ஆக, உச்சியில் ஈக்களும் முட்டையும், நடுவில் சின்னக் குஞ்சுகள், கீழ் இலைகளில் வெளிவரத் தயாரான பெரியவை, இன்னும் கீழே காலிக் கூடுகள். செடியை மேலிருந்து கீழே பார்த்தாலே பூச்சியின் வயது வரிசை தெரிந்துவிடும்.

வெள்ளை ஈதானா என்று உறுதி செய்யுங்கள்

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெள்ளை ஈ இல்லை. அசுவினி உரித்துப் போட்ட சட்டைகள் இலை மேல் வெள்ளைத் துகளாகக் கிடக்கும், தொட்டால் பறக்காது. மாவுப்பூச்சி பஞ்சு வைத்ததுபோல் கணுவிலும் காம்பிடுக்கிலும் கூட்டமாக இருக்கும். சாம்பல் நோய் என்றால் இலையின் மேல் பக்கம் மாவு பூசியதுபோல் படர்ந்திருக்கும், விரலால் தேய்த்தால் வரும். செடியை ஆட்டினால் பறந்து, உடனே திரும்பி உட்காருவது வெள்ளை ஈ மட்டும்தான். கொய்யா, தென்னை போன்றவற்றில் இலையின் அடியில் வெள்ளை மெழுகைச் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல் வைக்கிற இனமும் உண்டு. அதற்கும் கீழே சொல்கிற முறைகள்தான், ஆனால் மெழுகு தடிமனாக இருப்பதால் முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு அப்புறம்தான் மற்றதைத் தெளிக்க வேண்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள், குளிர்ச்சியில் ஈக்கள் மந்தமாக இருக்கும், பறக்காது. கைக்கு ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போனின் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். அப்புறம் நகத்தால் ஒரு சோதனை: இலையடியில் ஒட்டியிருக்கும் அந்தச் செதில் ஒன்றை நகநுனியால் அழுத்துங்கள். ஈரமாகப் பிசுபிசுத்தால் உயிரோடு இருக்கிறது. காய்ந்த தவிடுபோல் உதிர்ந்தால் அது காலிக் கூடு. இதைக் கற்றுக்கொண்டால், மூன்று வாரம் கழித்து இலை இன்னும் வெள்ளையாக இருக்கிறதே என்று பதற மாட்டீர்கள். காலிக் கூடுகள் இலை உதிரும் வரை அப்படியே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இலையின் மேல் பக்கம் பிசுபிசு என்று பளபளத்தால், அது அதற்கு மேலே இருக்கும் இலையிலிருந்து சொட்டியது. உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையைப் பூச்சி தேன்மாதிரி வெளியேற்றும், அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலை புகைபிடித்ததுபோல் கறுத்துப்போகும், வெளிச்சம் படாமல் செடி சோரும். கறுப்பைக் கண்டு பூஞ்சைக்கொல்லி அடிக்க வேண்டாம். பூச்சி போனால் கறுப்பு தானாகக் காய்ந்து உரியும், ஈரத்துணியால் துடைத்தாலும் வந்துவிடும்.

முதல் நாள் காலை: கழி, கழுவு, தொங்கவிடு

தொட்டிச் செடி என்றால் பாதிக்கப்பட்டதை மற்றவற்றிலிருந்து நாலடியாவது தள்ளி வையுங்கள். நகர்த்தும்போது ஆட்டாமல், குளிர்ந்த வேளையில்.

அடுத்து, குஞ்சுகள் அப்பிக் கிடக்கும் கீழ் இலைகளைக் கிள்ளி எடுங்கள். ஒரு செடியில் ஒரே நேரத்தில் நாலில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்க வேண்டாம், மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம். கிள்ளியதைக் கீழே போடாதீர்கள், மட்கு குழிக்கும் போட வேண்டாம், வெளிவரத் தயாராக இருக்கிற ஈக்கள் அங்கிருந்தே பறந்து வந்துவிடும். பையில் போட்டு வாயைக் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு எறியுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, கறுப்புச் செதில்கள் இருக்கிற இலை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள்.

பிறகு தண்ணீர். ஹோஸ் குழாயில் ஒரு நாசில் மாட்டி, கொஞ்சம் வேகமாக, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி கீழிருந்து மேலாகப் பீய்ச்சுங்கள். ஒரு கையை இலைக்குப் பின்னால் வைத்துத் தாங்கிக்கொண்டு அடித்தால் கிழியாது. சின்னத் தொட்டி என்றால் இன்னும் வசதி, மண் கொட்டாமல் மேல்மண்ணைத் துணியால் மூடிக் கட்டிவிட்டுச் செடியைச் சாய்த்துப் பிடித்துக் கழுவலாம். சரியாகக் குத்தி உட்காராத இளம் குஞ்சுகளும் மந்தமாக இருக்கிற ஈக்களும் இதில் அடித்துப்போகும், தேன் பிசுக்கும் தூசியும் போய் இலை மூச்சுவிடும். வெறும் தண்ணீர் தானே என்று இதை லேசாக நினைக்காதீர்கள். பூச்சி குறைவாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பீய்ச்சுவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

மஞ்சள் அட்டை. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் என்றால் இளம் இலை மாதிரி, தேடிப் போய் உட்காரும். பளிச்சென்ற மஞ்சள் அட்டையோ பிளாஸ்டிக் தகடோ எடுத்து இரண்டு பக்கமும் விளக்கெண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகத் தடவி, செடியின் உச்சி உயரத்துக்கே, செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். செடி வளர்ந்தால் அட்டையையும் ஏற்றுங்கள். ரொம்ப உயரத்தில் அலங்காரமாகத் தொங்குகிற அட்டையில் வேறு பூச்சிகள்தான் மாட்டும்.

ஆனால் அட்டையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதில் ஒட்டுவது பறக்கிற ஈ, அது ஏற்கெனவே முட்டையிட்டு முடித்ததாகவும் இருக்கலாம். என் கணக்கில் அட்டை என்பது மருந்தைவிட அளவுகோல்: வாரத்துக்கு ஒருமுறை எத்தனை ஒட்டியிருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், எண்ணிக்கை இறங்குகிறதா என்று தெரியும். இறங்கியதும் அட்டையைக் கழற்றிவிடுங்கள். அதே பசையில் நமக்கு உதவுகிற குட்டிக் குளவிகளும் ஒட்டிச் சாகும்.

அன்று மாலை: சோப்புக் கரைசல்

சோப்பு, பூச்சியின் உடம்பின் மேலிருக்கும் மெழுகைக் கரைத்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றிக் கொல்கிறது. ஈரமாக, நேராகப் பூச்சியின் மேல் பட்டால்தான் உண்டு. காய்ந்த பிறகு அதற்கு எந்த வேலையும் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் எப்படித் தெளிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். இலையின் மேல் பக்கம் எவ்வளவு தெளித்தாலும் வீண். தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து, ஒவ்வொரு இலையின் அடியும் நனைந்து சொட்டுகிற வரை தெளிக்க வேண்டும்.

அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி சாதாரண லிக்விட் சோப்பு. செடி தாங்குகிறது என்று தெரிந்த பிறகு 10 மில்லி வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். கட்டிச் சோப்பு என்றால் 5 கிராம் துருவி வெந்நீரில் கரைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். வாசனையும் கலரும் குறைந்த சோப்பாக இருக்கட்டும். பூச்சிக்கென்றே பொட்டாசியம் சோப்பாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் எழுதியிருக்கிற அளவைப் பின்பற்றுங்கள். துணி துவைக்கிற பவுடரும் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். அவை இலையின் மெழுகையும் சேர்த்து உரித்துவிடும். ஆரம்பத்தில் எனக்கு இது தெரியாது. தக்காளி நாற்றுகளில் ஒரு மத்தியான வெயிலில் பாத்திரம் தேய்க்கிற லிக்விடைக் கலந்து தெளித்தேன், மறுநாள் காலை இலை ஓரமெல்லாம் காகிதம்போல் காய்ந்து சுருண்டிருந்தது. வெள்ளை ஈ செய்திருக்க முடியாத சேதத்தை நானே செய்துவிட்டேன் என்று அன்று மனசு கஷ்டப்பட்டது. இப்போதெல்லாம் எந்தப் புதுக் கரைசலாக இருந்தாலும் இரண்டு மூன்று இலையில் மட்டும் தெளித்து ஒருநாள் முழுக்கப் பொறுத்துப் பார்க்காமல் செடி முழுக்கத் தெளிப்பதே இல்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள், சோம்பல் பட வேண்டாம். இந்தச் சோதனையை மட்டும் ஒருநாள் முன்னதாகவே முடித்துக்கொண்டால் முதல் நாள் மாலையே தெளித்துவிடலாம்.

உப்புத்தண்ணீரில் சோப்பு திரிந்து நுரையே வராது, பூச்சியின் மேலும் வேலை செய்யாது. மழைத்தண்ணீரோ வடிகட்டிய குடிதண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் இருக்கும்போதும், செடி தண்ணீர் இல்லாமல் வாடியிருக்கும்போதும் தெளிக்க வேண்டாம். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், செடி நிமிரட்டும், பிறகு மாலையில் தெளியுங்கள். பெரணிகள், சதைப்பற்றுள்ள இலைச் செடிகள், புதிதாக நட்ட நாற்றுகள் இவற்றுக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். தெளித்து இரண்டு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிட்டால் இலை கருகும் பயம் குறையும், பூச்சிக்கு நடக்க வேண்டியது அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

சில நாள் கழித்து: வேப்பெண்ணெய்

சோப்பு உடனடி அடி, வேம்பு மெதுவான அடி. வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியைப் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. சாப்பிட விடாமல் செய்யும், குஞ்சு சட்டை உரித்து அடுத்த கட்டத்துக்குப் போவதைக் கெடுக்கும், முட்டையிடுவதையும் குறைக்கும். அதனால் தெளித்த மறுநாள் ஈ பறக்கிறதே என்று ஏமாற வேண்டாம். எண்ணெய்ப் படலமும் பூச்சியை மூச்சு முட்டச் செய்யும், அது கூடுதல் லாபம்.

சூடாக்காமல் ஆட்டிய, கசப்பு நெடி தூக்கலாக அடிக்கிற வேப்பெண்ணெயாக இருக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதால் முதலில் 5 மில்லி எண்ணெயோடு 2 மில்லி லிக்விட் சோப்பைச் சேர்த்து, பால்போல் வெளுக்கிற வரை நன்றாக அடித்துக் கலக்குங்கள், அப்புறம் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு லிட்டர் தண்ணீரை விட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். குளிர்காலத்தில் எண்ணெய் உறைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் பயன்படுத்தலாம். தெளிக்கும்போதும் நடுநடுவே தெளிப்பானைக் குலுக்குங்கள், இல்லையென்றால் கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயாகப் போய் இலை கருகும். கலந்ததை அன்றே முடித்துவிடுங்கள், எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும்.

வேப்பங்கொட்டை கிடைக்கிறவர்கள் அதையே கரைசலாக்கலாம்: ஓடு நீக்கிய பருப்பை 50 கிராம் அளவுக்கு இடித்து, துணியில் முடிந்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, அதில் சொட்டு சோப்பு சேர்த்து அன்று மாலையே தெளிக்க வேண்டும். நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன், எனக்கு இந்தக் கொட்டைச் சாறுதான் பிடிக்கும். இலையில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்பதில்லை.

எதுவானாலும் மாலையில்தான். வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும், அதோடு பகலில் பூக்களுக்கு வரும் தேனீக்கள் மேல் படக்கூடாது. கீரைகளில் வேம்பு தெளித்தால் கசப்பு தங்கும், அவற்றுக்குத் தண்ணீரும் சோப்பும் போதும். காய் பறிக்க வேண்டியிருந்தால் பறித்துவிட்டுத் தெளியுங்கள். பக்கத்தில் மீன் விட்ட தொட்டியோ அல்லித் தொட்டியோ இருந்தால் மூடிவிடுங்கள், சோப்பும் வேப்பெண்ணெயும் மீனுக்கு ஆகாது.

மூன்று வாரக் கணக்கு

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். முதல் நாள் கழித்து, கழுவி, மாலையில் சோப்பு. 3ஆம் நாள் காலை வெறும் தண்ணீர். 6ஆம் நாள் மாலை வேம்பு. 8ஆம் நாள் மறுபடி கீழ் இலைகளைப் பார்த்துக் கிள்ளுவது. 11ஆம் நாள் சோப்பு, 16ஆம் நாள் வேம்பு, 21ஆம் நாள் சோப்பு. ஐந்து நாள் இடைவெளி ஏன் என்றால், வெதுவெதுப்பான காலத்தில் முட்டை பொரிய ஒரு வாரம்போல் ஆகும். சோப்பு முட்டையைத் தொடாது, நன்றாக வளர்ந்த கடைசிக் கட்டத்தையும் அவ்வளவாகத் தொடாது. ஆக, முட்டையில் தப்பியதைக் குஞ்சாக இருக்கும்போதும், கடைசிக் கட்டத்தில் தப்பியதை ஈயாக வந்து முட்டையிடத் தொடங்கும்போதும் பிடிக்க, ஐந்து நாளுக்கு ஒருமுறை அங்கே போய் நின்றாக வேண்டும். நடுவில் பத்து நாள் விட்டுவிட்டால் புதுத் தலைமுறை தொடங்கிவிடும், நீங்களும் மறுபடி முதல் நாளில் நிற்பீர்கள். மழை பெய்து தெளித்தது கழுவிப்போனால் மறுநாளே திரும்பத் தெளியுங்கள். குளிர்காலத்தில் பூச்சி மெதுவாக வளரும், அதனால் இடைவெளியை ஒரு வாரமாக்கி, மொத்தக் காலத்தை ஐந்து வாரத்துக்கு நீட்டுங்கள்.

இரண்டாம் வாரத்தில் ஈக்கள் கூடுவதுபோலத் தெரியலாம். கீழ் இலைகளில் மிச்சமிருந்த பெரியவை அப்போதுதான் வெளியே வருகின்றன. அந்த நேரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

கறுப்புச் செதில்கள்

இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. 1926இல் இங்கிலாந்தில் ஒரு கண்ணாடிக் குடிலில் தக்காளி வளர்த்தவர், இலையடியில் வெள்ளைச் செதில்களுக்கு நடுவே சில கறுப்பாக இருப்பதைக் கவனித்துப் பூச்சியியல் வல்லுநரிடம் காட்டினார். அந்தக் கறுப்புக்குள் இருந்தது என்கார்சியா ஃபார்மோசா என்ற குட்டிக் குளவி, நீளம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும், உள்ளே பிறக்கும் புழு அந்தக் குஞ்சைத் தின்றே வளரும், செதில் கறுத்துப்போகும். அதன் பிறகு அந்தக் குளவியை லட்சக்கணக்கில் வளர்த்துக் குடில்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்க அது விற்பனையில் இருக்கிறது.

நம் தோட்டத்துக்கு அதை வாங்கித்தான் விட வேண்டும் என்றில்லை. இதே குடும்பத்துக் குளவிகள் பல இடங்களில் தாமாகவே வரும், நாம் விஷம் அடிக்காமல் இருந்தால். வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? காலிக் கூட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை ஈ வெளியே வந்திருந்தால் முதுகில் ஆங்கில T எழுத்துபோல ஒரு வெடிப்பு இருக்கும். குளவி வெளியே வந்திருந்தால் ஊசியால் குத்தியதுபோல வட்டமாக, ஓரம் சுத்தமாக ஒரு ஓட்டை இருக்கும். இனத்தைப் பொறுத்துச் செதில் கறுப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும். எலுமிச்சை வகைகளில் இயல்பாகவே கறுப்பாக இருக்கும் வேறு இனம் ஒன்றும் உண்டு, அதனால் நிறத்தைவிட ஓட்டையை நம்புங்கள். அந்த வட்ட ஓட்டையை முதல்முதலாகப் பார்த்த காலையில் நான் அந்த இலையை விட்டு அரை மணி நேரம் நகரவில்லை.

கறுத்த செதில்கள் இருக்கிற இலையைக் கிள்ளாதீர்கள், அதன்மேல் சோப்பும் தெளிக்காதீர்கள். குளவிகள் தவிர, பொறிவண்டும் அதன் முதலைபோன்ற புழுவும், நூல்போன்ற காம்பின் நுனியில் முட்டையிடும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும், சிலந்திகளும் நம் பக்கம்தான். இவற்றுக்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். கொத்தமல்லி, சோம்பு போல சின்னச் சின்னப் பூவாகக் கொத்தாகப் பூக்கிற செடிகள் சிலவற்றைப் பூக்க விட்டு வையுங்கள்.

எறும்பு செடியில் ஏறி இறங்கினால் அதையும் கவனியுங்கள். தேன் கசிவுக்காக வரும் எறும்பு, பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். தண்டில் ஒரு காகிதப் பட்டை சுற்றி அதன்மேல் பசை தடவலாம், தொட்டி என்றால் தண்ணீர்த் தட்டின் நடுவில் கல் வைத்து அதன்மேல் நிறுத்தலாம்.

செடி தானாக மஞ்சளானால்

மேலே சொன்னது எதுவும் உதவாத ஒரு நிலை உண்டு. வெண்டையில் இலை நரம்பெல்லாம் வலைபோல மஞ்சளாகிக் காயும் வெளுத்தால், தக்காளியில் உச்சி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாகவே நின்றுவிட்டால், அது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பிய வைரஸ். செடிக்குள் போன வைரஸுக்கு மருந்து கிடையாது. ஈ ஒருமுறை நோயுள்ள செடியில் உறிஞ்சிவிட்டால் வாரக்கணக்கில் போகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மனசில்லாமல்தான் இருக்கும், ஆனாலும் பிடுங்கிவிடுங்கள். விடிகாலையில், முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஈக்களை அடக்கி, செடிமேல் ஒரு பெரிய பையைக் கவிழ்த்து, பையோடு சேர்த்துப் பிடுங்குங்கள். சும்மா பிடுங்கினால் அதிலிருக்கும் ஈக்கள் எல்லாம் பக்கத்துச் செடிக்குப் போகும். இந்தப் பயிர்களை அடுத்த முறை போடும்போது நோய் தாங்கும் ரகமாகப் பார்த்து விதை வாங்குங்கள், நாற்றை 50 மெஷ் பூச்சி வலைக்குள் வளர்த்து நடுங்கள்.

செய்ய வேண்டாதவை சில

புகையிலைச் சாறு இயற்கைதானே என்று சிலர் சொல்வார்கள். நிகோட்டின் நமக்கும் கடும் விஷம், தேனீக்கும் விஷம், புகையிலை வழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தேமல் வைரஸும் வரலாம். மண்ணெண்ணெய், உப்பு, வினிகர் எல்லாம் செடியைத்தான் முதலில் கொல்லும். சாம்பல் தூவினால் இலையின் மேல் பக்கம் விழும், பூச்சி அடியில் இருக்கிறது. கண்ட பூச்சிக்கொல்லியையும் அடிப்பதில் இன்னொரு சிக்கல், வெள்ளை ஈ மருந்துகளுக்குச் சீக்கிரம் பழகிவிடும். பருத்தியிலும் தக்காளியிலும் வருகிற பெமிசியா டபாசி என்ற இனம், செடிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் நஞ்சை முறிக்கிற ஜீனையே ஏதோ ஒரு காலத்தில் செடியிலிருந்து பெற்று வைத்திருக்கிறது என்று 2021இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாம் அடிக்கிற மருந்தில் பழகாமல் மிச்சமிருப்பது பெரும்பாலும் அதைத் தின்ன வந்த குளவிதான், அது செத்துப்போகும்.

உரத்திலும் கவனம் வேண்டும். நைட்ரஜன் அதிகமான உரத்தை அள்ளிப் போட்டால் இலை கரும்பச்சையாக, மெத்தென்று வரும், சாற்றுப் பூச்சிகளுக்கு அதுதான் விருந்து. பூச்சி இருக்கிற மூன்று வாரமும் அப்படிப்பட்ட உரத்தை நிறுத்தி வையுங்கள், மட்கிய உரமும் ஒழுங்கான தண்ணீரும் போதும். செடிகளுக்கு நடுவே காற்று போக இடம் விடுங்கள், சுற்றியிருக்கும் களையின் இலையடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இளம் செடிகளின் அடியில் அலுமினியத் தாள் விரித்தால் கீழிருந்து வரும் வெளிச்சத்தில் ஈக்கள் திசை தடுமாறி இறங்காமல் போகும், செடி படர்ந்து தாளை மூடும் வரை இது உதவும்.

வெளியிலிருந்து புதுச் செடி வந்தால் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். வந்த அன்றும், ஏழாம் நாளும், பதினாலாம் நாளும் இலையடியைப் பாருங்கள். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாத முட்டை இரண்டாம் வாரத்தில் குஞ்சாகத் தெரியும்.

21ஆம் நாள் தெளித்து முடித்த பிறகு, ஒவ்வொரு செடியிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இலை திருப்பிப் பாருங்கள். உச்சியில் புது முட்டை இல்லை, நடுவில் நகத்துக்கு ஈரம் படவில்லை என்றால் தெளிப்பதை நிறுத்திவிடலாம். அப்புறம் வாரத்துக்கு ஒரு காலை, தண்ணீர் ஊற்றும்போது, அதே மூன்று இலை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஈ பறந்தால் விட்டுவிடுங்கள், அது குளவிக்கான சாப்பாடு.